மரபணு சொல்வதும் சொல்லாததும்: முடக்குவாத நோயாளரின் இதய ஆபத்து

முடக்குவாதம் மூட்டில் தொடங்கும் நோய். மூட்டோடு நிற்கும் நோயன்று. நோயெதிர்ப்பு அமைப்பு சொந்தத் திசுவையே தாக்குவதால் மூட்டுச் சவ்வில் எழும் அழற்சி, இரத்த ஓட்டத்தின் வழியே தமனிச் சுவர்களையும் எட்டுகிறது. நோயாளியும் குடும்பத்தாரும் கோணிப்போன விரல்களைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஆனால் இந்நோயாளரின் ஆயுளைக் குறைப்பதில் முதலிடம் வகிப்பவை மாரடைப்பும் பிற இதய, இரத்தக்குழாய் நோய்களுமே. இந்த ஆபத்தில் பிறப்போடு வரும் மரபணுக்களின் பங்கு எவ்வளவு, அந்தப் பங்கைப் பற்றி இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் கள்ளக்குறிச்சி போன்றதொரு மாவட்டத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

மாவட்டத்தில் நோய் எவ்வளவு பரவலாக இருக்கலாம் என்பதை முதலில் மதிப்பிட வேண்டும். டெல்லி அருகே மாளவியா குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. புனே அருகே பிக்வான் கிராமத்தில் அரவிந்த் சோப்ரா 1996இல் தொடங்கிய ஆய்வு அரை விழுக்காட்டை ஒட்டிய அளவைத் தந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 13.7 லட்சம். அதில் வயது வந்தோர் ஒன்பது லட்சம் எனக் கொண்டால், 4,500 முதல் 6,750 பேர் வரை இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிடலாம். நான்கில் மூவர் பெண்கள். விடியலில் மாட்டின் மடியைப் பிடிக்க விரல் மடங்காமல், வெயில் ஏறிய பிறகே கரும்புக் காட்டுக்கோ மரவள்ளி பிடுங்கவோ போக முடிகிற பெண்கள் இவர்கள். ‘சரவாங்கி’, ‘வாயு’ என்ற பெயர்களில் பல ஆண்டுகளைக் கடத்திவிட்டு, கை கோணிய பிறகே பலர் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள்.

ஆபத்தின் அளவு

அவிஞ்ஞா-சுபியெத்தா குழுவினர் 2008இல் 24 ஆய்வுகளை, 1,11,758 நோயாளரின் விவரங்களுடன், ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். முடக்குவாத நோயாளர் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறப்பது பொதுமக்களைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று அவர்கள் கண்டனர். இந்த அடிப்படையில்தான் ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு, வழக்கமான கணக்கீட்டில் வரும் ஆபத்து விழுக்காட்டை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது. 2009இல் நீண்டகால நோய், எதிர்ப்பொருள் இருத்தல் போன்ற நிபந்தனைகளோடு சொல்லப்பட்ட அந்தப் பரிந்துரை, அடுத்த திருத்தத்தில் எல்லா முடக்குவாத நோயாளருக்கும் விரிவாக்கப்பட்டது.

ஆபத்து எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சான்றுகள் முரண்படுகின்றன. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து மருத்துவப் பதிவுகள், முடக்குவாதம் உறுதியாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலேயே மாரடைப்பு கூடுதலாக நேர்ந்திருப்பதைக் காட்டின. சுவீடனின் பதிவேடுகளில் தேடியபோது அப்படி எதுவும் தென்படவில்லை. இந்த முரண் முக்கியமானது. மூட்டு வீங்குவதற்கு முன்பே இதயம் பாதிக்கப்படுமானால், இரு நோய்களுக்கும் பொதுவான வேர் ஒன்று, ஒருவேளை மரபணு வேர், இருக்கக்கூடும். பின்னரே பாதிக்கப்படுமானால், ஆண்டுக்கணக்கில் அடங்காத அழற்சியே முதற்காரணம். நோயாளரின் உடன்பிறந்தாருக்கும் மாரடைப்பு ஆபத்து ஓரளவு கூடுதல் என்று பின்னாளில் சுவீடனிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. இது பொது வேர் என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. எனினும் உடன்பிறந்தார் பகிர்ந்துகொள்வது மரபணுவை மட்டுமன்று. ஒரே அடுப்புப் புகையையும், ஒரே சாப்பாட்டையும், ஒரே வறுமையையும் சேர்த்தே பகிர்ந்துகொள்கிறார்கள்.

ரோசெஸ்டர் ஆய்வின் இன்னொரு முடிவு தமிழ்நாட்டு மருத்துவர்களின் கவனத்துக்கு உரியது. முடக்குவாத நோயாளருக்கு நெஞ்சுவலியே தெரியாமல் வந்துபோகும் மாரடைப்பும் திடீர் மரணமும் கூடுதல். மூட்டுவலியால் நடமாட்டம் குறைந்தவர் மேடேறும்போது நெஞ்சு இறுகுவதை உணரும் வாய்ப்பே குறைகிறது. தினமும் விழுங்கும் வலி மாத்திரையும் அறிகுறியை மங்கச் செய்யலாம்.

எச்எல்ஏ: முதல் சந்தேகம்

முடக்குவாதம் வருவதில் மரபின் பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. அந்தப் பங்கில் மிகப் பெரியது ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ பகுதிக்கு உரியது. டிஆர்4 என்ற வகைக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1978இல் ஸ்டாஸ்ட்னி கண்டார். 1987இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும், ஆபத்தான வகைகள் அனைத்திலும் 70 முதல் 74 வரையிலான இடங்களில் ஏறத்தாழ ஒரே அமினோ அமிலத் தொடர் அமைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினர். ‘பகிர்வுத் தொடர்’ எனத் தமிழில் சொல்லத்தக்க இந்த ஐந்து அமினோ அமிலங்களைக் கொண்ட புரதம், வேதிமாற்றம் அடைந்த சொந்தப் புரதங்களை நோயெதிர்ப்பு அணுக்களிடம் எடுத்துக்காட்டுகிறது. அதன் விளைவாக உருவாகும் எதிர்ப்பொருளே ஆய்வகச் சீட்டில் ‘ஆன்டி சிசிபி’ என்று வருவது.

பகிர்வுத் தொடருக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை மூன்று ஐரோப்பிய ஆய்வுகள் அடுத்தடுத்து முன்வைத்தன. இங்கிலாந்தில் 18 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட நோயாளரில், எச்எல்ஏ பகுதியிலுள்ள டிஆர்பி1 மரபணுவின் சில வடிவ இணைகளுடன் புகைப்பழக்கமும் சேர்ந்தபோது இதய மரணம் கூடுதலாக இருந்தது. ஸ்பெயினின் லூகோ மருத்துவமனையில் கொன்சாலெஸ்-கே குழுவினர் 2007இல் டிஆர்பி1*04:04 வடிவத்தைக் கொண்டவர்களிடம் இதய மரணம் மிகுதி என்றனர். இங்கிலாந்தின் நார்ஃபோக் நோயாளர் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் 2008இல், பகிர்வுத் தொடரின் இரு பிரதிகள், ஆன்டி சிசிபி, புகைப்பழக்கம் மூன்றும் கூடிய இடத்தில் ஆபத்து உச்சமடைவதைக் காட்டினர்.

இம்முடிவுகளை அப்படியே ஏற்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. லூகோ ஆய்வில் இருந்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அதில் இதய மரணங்கள் இன்னும் குறைவு. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டு மூன்று மரணங்கள் இடம் மாறினாலே முடிவும் மாறிவிடும். அடுத்தது, பகிர்வுத் தொடர் உள்ளவர்களுக்கே எதிர்ப்பொருளும் கடுமையான அழற்சியும் கூடுதல். எனவே இந்த மரபணு இதயத்தை நேரடியாகத் தாக்குகிறதா, மூட்டு நோயைக் கடுமையாக்கி அதன் வழியே தாக்குகிறதா என்று பிரித்தறிய இவ்வாய்வுகளால் முடியவில்லை. லூகோ குழுவினரே தங்கள் கட்டுரையில் மரபணுவோடு நீடித்த அழற்சியையும் இணைத்துத்தான் பேசினார்கள். இரண்டாவது விளக்கமே ஏற்புடையது. அது சரியென்றால், அழற்சியை ஆரம்பத்திலேயே அடக்கிய ஒருவரிடம் அந்த மரபணுவின் தீங்கும் பெருமளவு அடங்கும்.

புகையின் பங்கும் தனியே கவனிக்கத்தக்கது. பகிர்வுத் தொடரும் புகைப்பழக்கமும் சேரும்போதுதான் எதிர்ப்பொருள் பன்மடங்கு உருவாகிறது என்று சுவீடனின் கிளாரெஸ்கோக் குழுவினர் 2006இல் காட்டினர். மரபணு மாறாது, பீடியை நிறுத்தலாம்.

எச்எல்ஏவுக்கு வெளியே

ஸ்பெயின் குழுவினர் வேறு பல மரபணுக்களையும் சோதித்தனர். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் மரபணுவில் ஒரு வடிவம் பகிர்வுத் தொடரும் உள்ளவர்களிடம் மட்டும் இதய நிகழ்வுகளோடு இணைந்து காணப்பட்டது. ஃபோலேட் வேதிவினையை நடத்தும் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் ஏ1298சி வடிவமும் இதய நிகழ்வுகளோடு இணைந்திருந்தது. பொதுமக்களிடம் மாரடைப்போடு மிக உறுதியான தொடர்பு கொண்டதாக 2007இல் கண்டறியப்பட்ட 9பி21 பகுதியோ, முடக்குவாத நோயாளரிடம் அதே ஆய்வாளர்கள் தேடியபோது எந்தத் தொடர்பையும் காட்டவில்லை.

உலகெங்கும் உறுதிப்பட்ட ஒன்று இங்கே தென்படாமலும், வேறெங்கும் உறுதிப்படாத சில இங்கே தென்பட்டும் இருப்பது எச்சரிக்கை தருகிறது. முடக்குவாதம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆராயும்போது, அந்நோயை வரவழைத்த காரணங்கள் ஒன்றோடொன்று செயற்கையாகப் பின்னிக்கொள்கின்றன. ஒரு வலுவான காரணம் உள்ளவருக்கு மற்றவை இல்லாமலும் நோய் வந்திருக்கும். ஆகவே இக்குழுவுக்குள் ஒரு மரபணுவின் இதய விளைவு கூடியும் குறைந்தும் பொய்யாகத் தோன்றலாம். மருத்துவமனைக்கு வரும் வரை உயிரோடு இருந்தவர்கள் மட்டுமே கணக்கில் சேர்வது இன்னொரு சாய்வு. ஒற்றை மரபணுவைப் பிடித்து ‘இது இருந்தால் மாரடைப்பு’ என்று சொல்லும் ஆய்வகப் பரிசோதனை எதையும் இச்சான்றுகளின் பலத்தில் நோயாளிக்கு விற்பது நியாயமாகாது.

ஐஎல்6ஆர் தரும் வெளிச்சம்

மரபணு ஆய்வின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. இன்டர்லூக்கின்-6 என்பது அழற்சியைப் பரப்பும் முக்கியமான செய்திப் புரதம். அதை ஏற்கும் ஏற்பியின் மரபணு ஐஎல்6ஆர். இதன் ஒரு வடிவத்தைப் பிறப்பிலேயே பெற்றவர்களிடம் அந்தச் செய்தி அணுவுக்குள் போய்ச் சேர்வது சற்றுக் குறைவு. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவும் குறைவு. 2012இல் லான்செட் இதழில் வெளியான இரு பெரிய ஆய்வுகள், இவர்களுக்கு இதயத் தமனி நோயும் குறைவாக வருவதைக் காட்டின. அதே வடிவம் முடக்குவாத ஆபத்தையும் சிறிதளவு குறைக்கிறது என்பது தனியே உறுதிப்பட்டது.

மரபணு வடிவம் பிறப்பின்போது குலுக்கல் முறையில் கிடைப்பது. ஆகவே உணவு, வருமானம், பழக்கம் ஆகியவற்றின் குழப்பமின்றிக் காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க இது வழி தருகிறது. இதே முறையில் சிஆர்பி மரபணுவைச் சோதித்தபோது, சிஆர்பி கூடுவதால் இதய நோய் வருவதில்லை என்று தெரிந்தது. சிஆர்பி ஓர் அறிகுறி மட்டுமே; பாதிப்பை உண்டாக்குவது இன்டர்லூக்கின்-6 வழியே ஓடும் அழற்சி. இரண்டு நோய்களையும் இணைக்கும் பாதை ஒன்று இப்படித்தான் பெயரோடு அடையாளம் காணப்பட்டது.

மருந்துச் சோதனைகள் இதை ஓரளவு உறுதிசெய்தன, ஓரளவு சிக்கலாக்கின. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் கனகினுமாப், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களிடம் மறுபடி இதய நிகழ்வுகள் ஏற்படுவதை 15 விழுக்காடு குறைத்ததாக 2017இல் கான்டோஸ் ஆய்வு அறிவித்தது. முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட், குறைந்த அளவில், அப்படி எந்தப் பலனையும் தரவில்லை என்று அடுத்த ஆண்டு சிஐஆர்டி ஆய்வு அறிவித்தது. இரண்டாவது முடிவை முடக்குவாத நோயாளருக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் சர்க்கரை நோயோ வளர்சிதைக் கோளாறோ உடைய இதய நோயாளர். அவர்களுக்கு முடக்குவாதம் இல்லை, அழற்சியும் மிகுதியாக இல்லை. முடக்குவாத நோயாளரைக் கவனித்த ஆய்வுகள் பலவற்றில் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு இதய நிகழ்வுகள் குறைவாகவே வந்துள்ளன. விலை குறைந்த, வாரம் ஒருமுறை விழுங்கும் அந்த மாத்திரையும், உடன் தரப்படும் ஃபோலிக் அமிலமும் இன்றும் சிகிச்சையின் அடித்தளம்.

தமிழ் உடல்களும் உலகத் தரவும்

இதுவரை சொன்ன மரபணுச் சான்றுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவரிடமிருந்து பெறப்பட்டது. 2022இல் இஷிகாகி குழுவினர் வெளியிட்ட பெரிய முடக்குவாத மரபணு ஆய்வில் 2,76,020 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் தெற்காசிய நோயாளர் ஆயிரத்துக்கும் குறைவு. உலக மக்களில் நான்கில் ஒருவர் வாழும் நிலப்பரப்புக்கு இது வெட்கத்துக்குரிய பங்கு.

இந்தக் குறையின் விளைவு வெறும் எண்ணிக்கைப் பிரச்சினையாக முடிவதில்லை. ஐரோப்பியரிடம் எச்எல்ஏவுக்கு அடுத்து வலுவான முடக்குவாத மரபணு பிடிபிஎன்22. அதன் ஆபத்தான வடிவம் தென்னிந்தியரிடம் அரிதினும் அரிது. டிஆர்பி1 மரபணுவிலும் ஸ்பெயினில் பேசப்பட்ட 04:04ஐவிட இந்தியாவில் 10:01 என்ற வடிவமே முன்னிற்கிறது. புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை, வீர் சிங் நேகியின் தலைமையில், தென்னிந்தியத் தமிழ் நோயாளரின் எச்எல்ஏ வடிவங்களையும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு அவர்கள் உடல் தரும் பதிலோடு தொடர்புடைய மரபணுக்களையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளது. கள்ளக்குறிச்சிக்கு மிக அருகிலுள்ள உயர்நிலை ஆய்வுத் தளமும் அதுவே. ஆனால் மரபணுவையும் இதய நிகழ்வையும் சேர்த்து நீண்டகாலம் பின்தொடர்வது வேறு வேலை. இந்தியாவில் இத்துறையில் வந்தவை பெரும்பாலும் கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை ஒருமுறை அளந்து பார்க்கும் சிறிய மருத்துவமனை ஆய்வுகள்.

இதயத்தின் பக்கமும் தெற்காசியாவுக்குத் தனிக்கதை உண்டு. 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வருவதைக் காட்டியது. பிற நாட்டவரைவிட இது ஐந்தாறு ஆண்டுகள் முந்தையது. அதற்கான காரணங்களில் பெரும்பகுதி இளவயதிலேயே கூடும் கொழுப்பு, சர்க்கரை, புகையிலை ஆகியவையே என்றும் அதே ஆய்வு சொன்னது. மதுரையில் வேர்கொண்ட ஆராய்ச்சி ஒன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. பெருந்துறை தண்டபாணியும் சக ஆய்வாளர்களும் 2009இல், எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அது பின்வயதில் இதயச் செயலிழப்போடு தொடர்புடையது என்பதையும் கண்டறிந்தனர். ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் இது அகப்பட்டிருக்காது. முடக்குவாத நோயாளருக்கு இதயச் செயலிழப்பு ஆபத்தும் கூடுதல். மிதமானது முதல் கடுமையானது வரையிலான செயலிழப்பு உள்ளவர்களுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் முடக்குவாத ஊசி மருந்துகள் தரப்படுவதில்லை. ஆகவே இந்த 4 விழுக்காட்டினரில் முடக்குவாதம் வருபவர்களைத் தனியே ஆராய்வது இங்கிருந்து எழுப்பத்தக்க, இங்கேயே விடை தேடத்தக்க கேள்வி.

கல்வராயன் மலையும் ஆய்வு அறமும்

கள்ளக்குறிச்சியின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக எழும் கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மக்கள்தொகையில் பெரியவர்கள் இவர்களே; 2011இல் மாநிலம் முழுவதும் மூன்றரை லட்சத்துக்கு மேல். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக வாய்மொழி மரபு சொல்கிறது. திருமணம் தம் சமூகத்துக்குள்ளேயே நடக்கிறது.

இத்தகைய மக்கள்மீது மரபணு ஆய்வாளர்களின் கண் விழுவது இயல்பு. தங்கராஜ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81 சமூகங்கள் பின்லாந்து மக்களைவிடவும் குறுகிய மூதாதையர் குழுவிலிருந்து பெருகியவை என்று கண்டது. அத்தகைய சமூகங்களில் அரிய ஒற்றை மரபணு நோய்களைக் கண்டறிவது எளிது. முடக்குவாதமும் மாரடைப்பும் அவ்வகை நோய்களல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சிறுசிறு பங்கு சேர்ந்து உண்டாக்குபவை. அவற்றுக்குப் பல்லாயிரம் பேர் தேவை. உறவுத் திருமணம் 28 விழுக்காட்டை எட்டும் தமிழ்நாட்டில், அதுவே முடக்குவாதத்துக்கும் மாரடைப்புக்கும் காரணம் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கும் வலுவான ஆதாரம் இல்லை.

இரத்தம் எடுப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கடமைகள் உண்டு. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பிக் கொடுத்த இரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. வழக்கு 2010இல் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பிக் கொடுப்பதோடும் முடிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பழங்குடியினரிடம் ஆய்வு செய்யும்போது கூடுதல் பாதுகாப்பைக் கோருகின்றன. மலையிலுள்ள சேராப்பட்டிலோ இன்னாட்டிலோ ஒரு பெண்ணிடம் மரபணுவுக்காக இரத்தம் கேட்கிறவர், அவருக்கு ஆன்டி சிசிபி பரிசோதனையும் தொடர் மருந்தும் கிடைக்க வழி செய்துவிட்டே கேட்க வேண்டும். மலை மக்களின் சாலையும் அடிப்படை வசதிகளும் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தாமாகவே முன்வந்து வழக்கு எடுக்கும் நிலை இருந்தது என்பதையும் அவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

மாவட்டத்தில் இன்றே செய்யக்கூடியது

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெற்காசியாவுக்கெனத் தனியே வெளியிட்ட இதய ஆபத்து அட்டவணையில் வயது, பாலினம், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை உண்டு. கொழுப்புப் பரிசோதனை வசதியில்லாத இடத்தில் உடற்பருமனை வைத்துப் பார்க்கும் அட்டவணையும் உண்டு. முடக்குவாதம் இல்லை. ஒரு பெண்ணுக்குப் பத்தாண்டு ஆபத்து 8 விழுக்காடு என்று வந்தால் அட்டவணையில் அது மஞ்சள் கட்டம். அவருக்கு முடக்குவாதம் இருந்தால் 1.5ஆல் பெருக்க, 12 விழுக்காடாகி ஆரஞ்சுக் கட்டத்துக்கு வந்துவிடுகிறார். எந்த மரபணுப் பரிசோதனையும் இல்லாமல், ஒரு பெருக்கலில், மருத்துவர் அவரைப் பார்க்கும் பார்வை மாறுகிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடுதோறும் பிரஷர், சுகர் மாத்திரைகளைக் கொண்டுசேர்க்கிறது. அதன் பெண் தன்னார்வலர்கள் மூன்று கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டால் போதும்: காலையில் எழுந்ததும் கை அரைமணிக்கு மேல் இறுகியிருக்கிறதா, விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குகின்றனவா, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ வாங்கித் தின்கிறாரா. கடைசிக் கேள்வி இதயத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. மேற்பார்வை இல்லாமல் நீண்டகாலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு, சர்க்கரையையும் அழுத்தத்தையும் கூட்டி மாரடைப்புக்கு வழி திறக்கிறது. டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத்தின் முடக்குவாத நோயாளருக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும். ஒவ்வொருவரின் எதிர்ப்பொருள் முடிவு, அழற்சி அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, ஸ்டீராய்டு ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதி, இதய நிகழ்வுகளையும் இறப்புகளையும் அதில் சேர்த்துவர வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் தீராமல் கிடைக்க வேண்டும். கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனைகள் அருகிலேயே நடக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் சேர்ந்தவர்கள், விளக்கிக் கேட்ட பின் சம்மதித்தால், ஜிப்மர் போன்ற நிறுவனத்தோடு சேர்ந்து மரபணுவையும் ஆராயலாம். நார்ஃபோக்கின் மரபணு முடிவுகளும் இப்படி ஒரு சாதாரண நோயாளர் பதிவேட்டிலிருந்து கிடைத்தவையே.